லண்டன் கசெற்றில் யாரும் சாகவில்லை

பதினொரு வயதில் டொக்டரின் அறையில் பெரியவர்களுக்கு நடுவே நாற்காலி போட்டு இருத்தப்பட்டவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், தடையில்லை. சண்டைக் கார்ட்டூன் இருக்கிறது, லண்டன் அக்கா இருக்கிறாள், சிரிக்கவும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆனால் அகதியாக வந்த தாய் தகப்பனுக்கு ஜெர்மனியில் வாயாக இருந்தது நாங்கள்தானே. வங்கிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், வீட்டுக்காரனின் முறைப்பாடு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் என்கிற சந்திப்பு நேரம், எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வருகிற சனத்துக்கு அம்மா என்னைக் காட்டி, "இவதான் எங்கட வீட்டு அப்புக்காத்து. கறுப்புக் கோட்டு ஒண்டுதான் குறை" என்பார். வக்கீல் என்றால் எனக்கும் கசக்கவா செய்யும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். நடந்த பிழைகளில் முதல் பிழை அந்தப் பெருமைதான்.

இப்போது நாற்பதை எட்டுகிறேன். மருந்துப் பெட்டியில் உள்ள சின்ன எழுத்தை வாசிக்கக் கண்ணாடி தேடுகிறேன். இனியும் இதை வைத்திருந்து யாருக்கு என்ன லாபம்?

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, நான், நாலு வயதுத் தம்பி, அம்மாவின் தம்பியான மாமா. வரவேற்பறையில் கிடந்த செற்றிதான் மாமாவின் கட்டில். ஓர் இத்தாலியன் உணவுக்கடையில் பீங்கான் கழுவினார். அவருடைய கைகளில் எப்போதும் எலுமிச்சைச் சவர்க்கார மணம் இருக்கும், விரல் நுனிகள் வெளிறி ஊறிப்போய் இருக்கும். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மாமியும் அவர்களுடைய மகளும் ஜெர்மன் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். மாமா ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மாமிக்கு வயிற்றில் பிள்ளை. மகளை அவர் படத்தில்தான் கண்டிருக்கிறார். எங்கள் தம்பியும் அந்தப் பிள்ளையும் ஒரே வயது. தம்பியைத் தோளில் தூக்கும்போதெல்லாம், "அவளும் இந்தப் பாரம்தான் இருப்பாள் என்ன?" என்று அம்மாவிடம் கேட்பார்.

பின்னேரம் வேலைக்குப் போகுமுன் எங்களோடு நிலத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்து கார்ட்டூன் பார்ப்பார். ஜப்பான்காரரின் சண்டைக் கார்ட்டூன். பெயரைச் சொன்னால் எங்கள் வயதுக்காரர் அதன் பாட்டைப் பாடத் தொடங்கிவிடுவீர்கள், என் கதை நின்றுவிடும், அதனால் சொல்லவில்லை. மலை உச்சியில் ஒரு சண்டைப் பள்ளிக்கூடம். அதில் படித்த பெடியன் ஒருவன் கைகளில் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் அடிபடுவான். ஏனென்றால் அவனுடைய குருவை ஒருவன் கொன்றுவிட்டான், அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜெர்மன் தொலைக்காட்சியில் ஜெர்மன் பேசினார்கள். வீட்டில் அது முழுதாக விளங்குகிற ஆள் நான் ஒருத்திதான், ஆகவே ரிவிக்குப் பக்கத்தில் இருந்து எல்லாருக்கும் தமிழில் சொல்லுவது என் வேலை.

குரு சாகிற நாள் வந்தது. பனிக்குள் அந்தப் பெடியன் வெறுங்கையால் குழி தோண்டினான். நான் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்: "குரு செத்துப்போனார். இனி வரமாட்டார்." தம்பி வாயைப் பிளந்து அழத் தொடங்கினான். அன்று சாப்பிடவில்லை. மாமா வேலைக்கு வெளிக்கிட, அவருடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அம்மா குசினிக்குள் இருந்து கரண்டியோடு வந்தார்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு உப்பிடிப் பச்சையாச் சொல்லுறதோ? கொஞ்சம் பாத்துப் பதமாச் சொல்லத் தெரியாதோ உனக்கு?"

"ரிவியில உப்பிடித்தானே சொல்லுறாங்கள்?"

"ரிவி சொன்னாப்போல? நீயும் ரிவியோ?"

நான் எழும்பி ரிவியை நிறுத்தினேன்.

இனி லண்டன் கசெற். எங்கள் ஆட்களுக்கு அந்த நாளில் ஒரு விசர் இருந்தது, உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். ஜெர்மன் பாஷை சோறு போடும், ஆனால் படிப்பென்றால் இங்கிலீஷ். என்றைக்காவது லண்டனுக்குப் போய்ச் சேர வேண்டும், பிள்ளைகள் அங்கே படிக்க வேண்டும் என்பது அப்பாவின் கனவு. கார்ட்டூன் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றால் இங்கிலீஷில் பார்த்துக் கெட்டுப்போகட்டும் என்று முடிவு கட்டினார். முதலில் கனடாவில் இருந்து வீடியோ கசெற் பார்சல் ஒன்று வந்தது. அந்த நாட்டுக் கசெற் எங்கள் வீடியோ டெக்கில் ஓடவில்லை, கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் உருண்டன. பிறகு லண்டனில் உள்ள பெரியம்மாவின் மகள் விடுமுறைக்கு எங்களிடம் வந்தாள். பதின்மூன்று வயது. பை நிறைய அதே கார்ட்டூனின் கசெற்றுகள், ஒவ்வொன்றிலும் நீலப் பேனையால் அவளே எழுதிய இலக்கம். எங்களுடைய டெக்கில் போட்டவுடன் பளிச்சென்று ஓடின. அப்பா கை தட்டினார்.

அதே படம், அதே பெடியன், அதே சிவப்புத் துணி. பேச்சு மட்டும் இங்கிலீஷ். அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அவளுடைய உடைந்த தமிழும் என்னுடைய வாய்க்காரத் தமிழும்தான். பனிக்குள் குழி தோண்டுகிற இடம் வந்தது.

"அந்தக் கிழவன் செத்து இல்லை" என்றாள் அக்கா. "பெரிய மலைக்கு அங்கால அடைச்சு வைச்சிருக்கு. பெடியன் போய் எடுக்கும்."

"விசரோ உனக்கு? பிரேதம் தாழ்க்கிறான், கண் தெரியேல்லையே?"

"இல்லை, அது அவருடைய சாமான். சாமான் தாழ்க்கிறது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அக்கா பொய் சொல்லவில்லை. இங்கிலீஷ்காரர் சின்னப் பிள்ளைகளுக்கு என்று எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தார்கள். கள்ளுக்கடை பழரசக் கடையாகி இருந்தது. இரத்தம் வருகிற இடங்களை வெட்டி எறிந்திருந்தார்கள். ஆள் செத்தால் "அங்கால போய்விட்டார்". பேசுகிறவனின் முதுகு மட்டும் தெரிகிற இடங்களில் அவர்கள் பாடு கொண்டாட்டம், வாய் தெரியாதபடியால் என்ன வேண்டுமானாலும் பேச வைத்தார்கள். ஜெர்மன்காரன் அப்படிச் செய்யவில்லை. செத்தவன் செத்தவன்தான்.

எது சரி என்று வீட்டில் வழக்கு நடந்தது. அப்பா தீர்ப்புச் சொன்னார்: "இங்கிலீஷ்காரன் சொன்னா அதில பிழை இராது." ஜப்பான்காரன் எடுத்த படத்துக்கு லண்டன்காரன் சாட்சி! மாமாவுக்கும் லண்டன் கதைதான் பிடித்தது. வேலையால் வந்ததும், "என்ன மாதிரி, குருநாதரைக் கண்டுபிடிச்சாச்சோ?" என்று கேட்பார். தம்பியும் அழுகையை விட்டான். அம்மா என் தலையைத் தடவி, "பாத்தியே, சொல்லுற விதத்தில சொன்னா ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை" என்றார். அதற்குப் பிறகு நானும் அக்காவும் தம்பிக்குச் சேர்ந்தே கதை சொன்னோம். ஜெர்மனில் யாராவது செத்தால் நான் அவளைப் பார்ப்பேன், அவள் அந்த ஆளை எங்காவது அனுப்பிவிடுவாள்.

மாமாவுக்கு வயிற்றெரிவு வசந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. பச்சைக் குளிசையைச் சப்பிக்கொண்டு திரிந்தார். ஆடி மாதம் அளவில் பாண் துண்டுகூட இறங்கவில்லை, உடுப்பு தொளதொளத்தது. எங்கள் வழக்கமான டொக்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விடுமுறையில் போய்விட்டார். முடிவு கேட்க நகரத்தில் உள்ள பெரிய டொக்டரிடம் போக வேண்டும். அப்பாவுக்கு வேலை. மாமா, அம்மா, அப்புக்காத்து மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

அந்த டொக்டர் மெலிந்த, மூக்குக் கண்ணாடி போட்ட மனிதர். எங்களைப் பார்த்ததும் ஜெர்மன் தெரிந்த பெரியவர் யாராவது வரவில்லையா என்று கேட்டார். "எனக்கு எல்லாம் தெரியும், நான்தான் எப்பவும் சொல்லுறது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே ஆட்கள் நிறைய இருந்தார்கள். சொல்லத் தொடங்கினார்.

வயிற்றில் இருக்கிறது புற்றுநோய் என்றார். ஈரலுக்கும் போய்விட்டது, இனி வெட்டி எடுக்க முடியாது, வலி குறைக்க மருந்து தரலாம், சில மாதங்கள், அதிலும் குறைவாக இருக்கலாம் என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை, பாருங்கள். மாமா சிரித்த முகத்தோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"வயித்தில புண்ணாம். கன நாள் மருந்து குடிக்க வேணுமாம். உறைப்புச் சாப்பிடக் கூடாதாம்."

"அப்பாடா!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். மாமா, "நான் சொன்னனான்தானே அக்கா, அது உறைப்பாலதான்" என்றார்.

டொக்டர் அவர்களுடைய முகத்தைப் பார்த்தார். நல்ல செய்தி கேட்ட முகம். ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும், நீ எல்லாவற்றையும் சொன்னாயா என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். இவருக்கு மனைவி பிள்ளைகள் எங்கே என்றார். அம்மாவிடம் கேட்டு, கொழும்பில், விசாவுக்காக நிற்கிறார்கள் என்று சொன்னேன். அவர் உடனே பேனையை எடுத்தார். அப்படியென்றால் நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், வெள்ளிக்கிழமை முன்மேசையில் வந்து எடுங்கள், அதை வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுங்கள், இப்படியான நேரத்தில் அவர்கள் கெதியாகச் செய்வார்கள், தாமதிக்க வேண்டாம் என்றார்.

"ஏன் மாமியைப் பற்றிக் கேக்கிறார்?" என்றார் அம்மா.

கடிதத்தைச் சொல்ல வேண்டும் என்றால், ஏன் கடிதம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டும் என்றால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

"சும்மா, போர்மில எழுத" என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமா என் பக்கத்தில் இருந்தார். "ஏன் பிள்ளை, டொக்டர் எவ்வளவு நேரம் கதைச்சவர்! நீ ரெண்டு வரியில முடிச்சுப் போட்டாய்?"

"ஜெர்மன் நீளமான பாஷை, மாமா."

அவர் சத்தமாகச் சிரித்தார். முன் சீட்டில் இருந்த வெள்ளைக்கார மனுசி திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

அப்பா வரட்டும், தனியாகச் சொல்லுவோம் என்றுதான் நினைத்தேன். அப்பா வந்தார், களைத்துப்போய் இருந்தார், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கு என்னும்போது நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை வந்தது. சைக்கிளில் போனால் அரை மணித்தியாலம். சொல்லாமல் கொள்ளாமல் போய் அந்தக் கடிதத்தை எடுத்து அப்பாவின் மேசையில் வைத்திருந்தால் போதும், அவர் யாரையாவது பிடித்து வாசிப்பித்திருப்பார். சைக்கிளைக் கீழறையில் இருந்து வெளியே எடுத்தும் விட்டேன். மேலே யன்னலால் அக்கா கூப்பிட்டாள்: "கடைசிக் கசெற் போடுறன், வாறியா, இல்லையா?" சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு மேலே போனேன். சண்டைக் கார்ட்டூன் பார்க்கப் போனேன், ஐயா. அவ்வளவுதான் நான்.

விடுமுறை முடிந்து அக்கா லண்டனுக்குப் போனாள். எங்கள் வழக்கமான டொக்டர் திரும்பி வந்து, பெரிய டொக்டரின் கடிதத்தைப் பார்த்து, மாமாவை வரச் சொல்லி இரண்டு தரம் போன் எடுப்பித்தார். போனை எடுத்தது நான்தான். வீட்டில் ஜெர்மன் போன் யார் எடுப்பது? மாமா வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்லி வைத்தேன்.

புரட்டாதியில் மாமா வேலையிடத்தில் விழுந்தார். ஆசுப்பத்திரியில் இங்கிலீஷ் பேசுகிற இளம் டொக்டர் ஒருவர் இருந்தார், அப்பாவின் பள்ளிக்கூட இங்கிலீஷுக்கு அது போதுமாக இருந்தது. அப்பா கட்டிலடியில் வந்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். அம்மா குழறினார். "ஏன் முந்தி ஒருத்தரும் சொல்லேல்லை? ஏன் ஒருத்தனும் சொல்லேல்லை?"

"பெரிய டொக்டர் சொன்னதெண்டு எழுதி வைச்சிருக்கிறாங்களாம்" என்றார் அப்பா. இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "உனக்கு அந்த டொக்டர் ஏதும் சொன்னவனோ?"

இன்னும் நேரம் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"இல்லை" என்றேன்.

"பிள்ளையை ஏன் கேக்கிறியள்?" என்றார் மாமா கட்டிலில் இருந்து. "சின்னப் பிள்ளை." அவருக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா? இருபத்தெட்டு வருடமாக இதையே போட்டு உருட்டுகிறேன், எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அப்பா ஓடாத இடம் இல்லை. கடிதம், அந்த்ராக் என்கிற விண்ணப்பம், முத்திரை, தூதரகம். விசா கிடைத்தது. மாமாவை எரித்து ஒன்பதாம் நாள் கிடைத்தது. புருசன் இல்லாத பிறகு புருசனோடு சேருகிற விசாவால் என்ன பயன்? மாமி மகளையும் கூட்டிக்கொண்டு லொட்ஜ் அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார். கடைசி நாட்களில் மாமா கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார். தாதி உள்ளே வரும்போதெல்லாம் தலையைத் தூக்குவார்.

பழி முழுவதும் அந்த மெலிந்த டொக்டரின் தலையில் விழுந்தது. "அறுவான், ஒரு வார்த்தை சொல்லியிருந்தானெண்டால் என்ர தம்பி பிள்ளையின்ர முகத்தைப் பாத்திருப்பான்" என்று அம்மா திட்டாத திவசம் இல்லை. இன்றைக்கும் திட்டுகிறார். நான் பக்கத்தில் நின்று வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். பதினொரு வயதுப் பிள்ளையின் வாயில் ஒரு மனிதனின் சாவை வைத்து அனுப்பியது யார் பிழை என்று இப்போது நானும் கோபப்படுவதுண்டு. மணிக்கூட்டைப் பார்த்த டொக்டரில் கோபம், பதமாகச் சொல்லப் பழக்கிய அம்மாவில் கோபம். கோபப்பட்டு என்ன, அந்த வெள்ளிக்கிழமை சைக்கிளைச் சாத்தியது என் கைதான்.

போன மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்து அழைப்பு வந்தது. மாமாவின் மகள். நல்ல நாள் பெருநாளுக்கு மட்டும் இரண்டு வார்த்தை பேசுவோம், அவ்வளவுதான் பழக்கம்.

"மச்சாள், குறை நினையாதேங்கோ, ஒண்டு கேக்கோணும்" என்றாள். "எனக்கு இப்ப அஞ்சு மாசம். இஞ்ச கிளினிக்கில பரம்பரை வருத்தம் கேக்கினம். அப்பாவுக்கு என்ன வருத்தமெண்டு அம்மாவுக்கு வடிவாத் தெரியாது. நீங்கள்தானாம் அப்பாவோட டொக்டரிட்டப் போனது. அந்த டொக்டர் என்ன சொன்னவர்?"

என் வாய் பழக்கதோசத்தில் திறந்தது. "வயித்தில ஒரு புண்..." என்று தொடங்கினேன். தொடங்கிய இடத்திலேயே நின்றேன். அவளுடைய வயிற்றில் பிள்ளை. இவளுக்கும் பதமாகச் சொன்னால் நான் மனிசியே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். புற்றுநோய் என்றேன், எங்கே தொடங்கி எங்கே போனது என்றேன், அதை எழுதிக் கிளினிக்கில் கொடு, உன்னையும் பார்க்கச் சொல் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், அவள் கேட்டது அவ்வளவுதான். நான் நிறுத்தவில்லை. கடிதத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் வந்திருக்கலாம், வராமல் போனது என்னால்தான், மன்னிப்புக் கேட்கிற தகுதிகூட எனக்கு இல்லை என்று சொன்னேன்.

போனுக்குள் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

"அப்ப, நாங்கள் வருவமெண்டுதான் அப்பா பாத்துக்கொண்டு இருந்தவரோ?" என்றாள்.

"ஓம்."

துருவுகிற சத்தம் நின்றது. தூரத்தில் மாமியின் குரல் கேட்டது. வயதாகித் தளர்ந்த குரல். "என்னவாம் பிள்ளை? டொக்டர் அந்த நேரம் என்ன சொன்னவராம்?"

போனைக் கையால் பொத்த அவள் மறந்துவிட்டாள். அல்லது நான் கேட்க வேண்டும் என்றே விட்டாளோ, தெரியாது.

"அவையளுக்கும் ஒண்டும் தெரியாதாம் அம்மா" என்றாள். "டொக்டர் ஒண்டும் சொல்லேல்லையாம்."